நாயைக் காக்கும் வளவு

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகின்றது என்று கேள்வியுற்று, பூரணை இரவில் கல்லடிப் பாலத்தை நாடி வரும் வெளியூரார் பலர். தோணியில் அமர்ந்து, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியைச் செவியோடு சேர்த்துக் காத்திருப்பர். மீனின் இசை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேளாது. ஆனால் இரு கரைகளிலும் வளவுக்கு வளவு நாய் குரைக்கும் ஓசை மட்டும் எல்லாருக்கும் கேட்கும். இந்நாட்டுக்கு மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வைத்தவர்கள் நாயை ஏனோ மறந்துவிட்டார்கள்!

மறந்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர். நாமும் ஒருகால் மறந்தோம். அக்கதையைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

ஒரு வெள்ளத்து இரவு

2011ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தை மூழ்கடித்த பெருவெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். அப்பொழுது எமது வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. ஊர்நாய்தான், செம்பட்டை நிறம், மடிந்த ஒரு காது. கிணற்றடி மாமரத்தில் நான்கு முழச் சங்கிலியில் அது கட்டப்பட்டிருந்தது. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால், அவிழ்த்தால் தெருவுக்கு ஓடிவிடும் என்போம். ஏன் ஓடும் என்று கேட்டால், வேலியில் பொட்டு இருக்கிறது என்போம். பொட்டை ஏன் அடைக்கவில்லை என்று அக்காலத்தில் எவரும் எம்மைக் கேட்கவில்லை.

அன்றிரவு நீர் முற்றத்தில் ஏறியது. கைக்குழந்தையைத் தோளிலும் பெட்டியைத் தலையிலும் சுமந்துகொண்டு ஊர்ப் பாடசாலைக்குச் சென்றோம். அங்கே வாங்கில் ஒடுங்கியிருந்த அயல்வீட்டு ஆச்சி எம்மைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி இது: "மனே, நாய எங்க விட்டுட்டு வந்த?"

"கட்டியிருக்கு, ஆச்சி" என்றோம். சொன்ன பிறகே அச்சொல்லின் பொருள் எமக்கு விளங்கியது.

இடுப்பளவு நீரில் திரும்பி ஓடினோம். மணி, உடுப்புத் தோய்க்கும் கல்லின்மேல் நின்றது. சங்கிலி அதற்கு மேல் ஏற விடவில்லை. நீர் நெஞ்சு வரை வந்துவிட்டது; மோவாயை உயர்த்திக்கொண்டு சத்தமின்றி நின்றது. எம்மைக் கண்டதும் வாலை ஆட்டியது. வால் நீரை அடித்த அந்த ஓசை இன்றும் எம் செவியில் இருக்கிறது. கடிந்து குரைத்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். நீருக்கடியில் முறுகிக் கிடந்த கொளுக்கியைக் கழற்றி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வந்து சேர்ந்தோம்.

அதன்பின் மணி எட்டு ஆண்டுகள் எம்முடன் வாழ்ந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை. வளவைக் காப்பதற்கு நாய் வளர்க்கிறோம். அந்த நாய்க்கேற்ற காவலை வளவு தருகிறதா என்பதை நாம் முதலிற் கேட்க வேண்டும்.

சங்கிலியும் சட்டமும்

நாயைக் கட்டவே கூடாது என்பது எமது வாதமன்று. தெருவில் நடத்திச் செல்லும்போதும் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போதும் வார் அவசியம். பகலும் இரவும் ஒரே மரத்தடியில் கட்டி வைப்பதே தவறு. அவ்வாறு கட்டுண்ட நாய் அச்சம் வந்தால் விலகி ஓட இயலாது. ஆதலின் கடிக்க முற்படும். நாய் முரடாகிவிட்டது என்று நாம் சங்கிலியைக் குறுக்குகிறோம். சங்கிலி குறுகக் குறுக நாய் மேலும் முரடாகிறது.

எமது தீவில் பிராணிகளுக்குச் செய்யும் கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே பிறந்தது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டமோ, வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயைப் போதிய அளவு நடமாடவிடாத உரிமையாளரையும் குற்றவாளியாக எண்ணுகிறது. 1965இல் பிரித்தானியாவில் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் அமைந்த குழு, பண்ணை விலங்குகளைப் பற்றிக் கூறும்போது, எந்த விலங்குக்கும் எழவும் படுக்கவும் திரும்பவும் உடலைத் துப்புரவு செய்யவும் கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்றது. கசாப்புக்கு வளரும் கன்றுக்கே அத்துணை உரிமை உண்டெனில், வாசலில் படுத்து நம் உறக்கத்தைக் காக்கும் நாய்க்கு ஒரு வளவளவு உரிமையேனும் வேண்டாமா?

வேலியே முதல்

சங்கிலியை அவிழ்க்க விரும்புவோர் முதலில் வேலியை நோக்க வேண்டும். எம் ஊர்க் கிடுகு வேலி கண்ணுக்கு அழகு. ஆனால் ஓராண்டில் இற்றுப்போகும். அடியில் நாய் மூக்கை நுழைத்தால் ஓலை விலகிவிடும். வேலியின் உட்புறத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனைமட்டையை நெருக்கி வரிந்தால் பொட்டு விழாது. நாய் தோண்டும் இடங்களில் ஒரு சாண் ஆழம் கிடங்கு வெட்டிக் கம்பிவலையையோ கல்லையோ புதைத்து மண் மூடுக. முட்கம்பி வேலியாயின் கீழ்க் கம்பியே ஆபத்தானது. நாய் அதன் கீழ் நுழையும்போது முதுகும் கண்ணும் கிழிபடும். படலையின் அடியிலுள்ள இடைவெளியையும் மறக்கலாகாது.

வாவியை ஒட்டிய வளவுகளில் வேறோர் அபாயமும் உண்டு. வடக்கே பங்குடாவெளி முதல் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியில் முதலைகள் உள. அந்திப் பொழுதில் நீரோரம் நின்று தண்ணீர் நக்கும் நாய் முதலைக்கு எளிய இரை. ஆகவே மற்ற மூன்று பக்கங்களிலும் சிறந்த வேலி கட்டிவிட்டு, வாவிப் பக்கத்தை மட்டும் காற்றுக்காகத் திறந்து வைப்பது பேதைமை.

வேலி எத்துணை உறுதியாயினும், இனச்சேர்க்கைப் பருவத்தில் நாய் அதைத் தாண்டவே பார்க்கும். குட்டி வேண்டாதோர் மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் நன்று. வளவின் அமைதிக்கும், தெருவில் எறியப்படும் குட்டிகளின் தொகை குறைவதற்கும் அது உதவும்.

நாயின் கண் உயரத்தில்

வேலி முடிந்தபின் வளவுக்குள் ஒருமுறை குனிந்து நடந்து பாருங்கள். நாம் நிமிர்ந்து காணாத பல பொருள்கள் நாயின் கண்ணுக்கும் மூக்குக்கும் நேரே கிடக்கும்.

முதலாவது கிணறு. வாவியோர மணற்பாங்கான நிலங்களில் நீர் மேலாகவே ஊறும். கிணற்றின் கட்டும் பல வீடுகளில் தாழ்வானது. தோட்டத்துக்கு நீர் அள்ளத் தோண்டிய பூவலுக்கோ கட்டே இல்லை. நாய் நீந்தத் தெரிந்ததுதான். ஆனால் வழுக்கும் சுவரில் ஏறத் தெரியாது. கிணற்றுக்குக் கம்பிவலை மூடியும், பூவலுக்குச் சுற்றிலும் வேலியும் இடுதல் நாய்க்கு மட்டுமன்றி நம் குழந்தைகளுக்கும் காப்பு.

இரண்டாவது பாம்பு. பொச்சுக் குவியல், விறகடுக்கு, பழைய ஓடு ஆகியவற்றினடியில் புடையன் படுத்திருக்கும். நாய் முகர்ந்து பார்க்கும் இயல்புடையது. ஆதலின் மூக்கிலும் முன்காலிலும் கடிபடும். பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது நாம் நாய்க்கு வைத்து மிஞ்சிய சோற்றுக்காக. எனவே நாய் உண்டு முடிந்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்தலே பாம்புக்கு இடும் முதல் தடை. குவியல்களை வேலியோரத்துக்கு மாற்றி, நிலத்தினின்றும் உயர்த்தி அடுக்குக. கடிபட்ட நாயை ஓடவிடாது தூக்கிச் சென்று மிருக வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டும். கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் தீமையே செய்யும்.

மூன்றாவது தூண்டில். மீன்பிடிக்கும் வீடுகளில் இரையின் மணம் மாறாத தூண்டில் முள்ளும் நைலோன் இழையும் திண்ணையோரத்தில் கிடக்கும். நாய் அதை விழுங்கிவிட்டால் இழையைப் பிடித்து இழுக்கலாகாது. இழுத்தால் முள் தொண்டையிலோ குடலிலோ மேலும் ஏறும். தூண்டிலை ஆணியில் உயரத் தொங்கவிடும் வழக்கம் ஒரு நாயின் உயிரைக் காக்கும்.

நான்காவது தென்னை. நாய்க்கூட்டைத் தென்னையின் கீழ் அமைப்போர் தாம் அதன் கீழ்ப் பாய் விரித்து உறங்குவார்களா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பூசைக்குரிய பூவும் நஞ்சாகும்

அலரி எம் இல்லங்களில் பூசைக்குரிய மலர். செவ்வலரியாயினும் மஞ்சள் அலரியாயினும் இலை, பூ, விதை யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. நாய் புழங்காத முன்புறத்தில் வளர்த்து, உதிர்ந்த காய்களைப் பெருக்கி அகற்றினாற் போதும். ஊமத்தையும் ஆமணக்கு விதையும் அவ்வாறே ஆபத்தானவை. வேலிக் கதியாலாக நாம் நடும் கிளிசிரிடியாவின் பெயருக்கே இலத்தீன் மொழியில் எலிக்கொல்லி என்பதுபோன்ற பொருள் உண்டு. அதன் கொம்பைக் கடித்து விளையாட நாய்க்குக் கொடுத்தலாகாது.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் எலிப் பாசாணத்தையும் பூட்டி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடுக்களையிலும் நஞ்சுண்டு. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்கிளேற்று நாயின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். வேகவைத்த கோழியெலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். எஞ்சிய கறியை வழித்து வைத்தலே நாய்க்குணவு என்று எண்ணும் இல்லத்தரசிகள் இதனைச் சற்றுக் கருத வேண்டுகிறோம். சோற்றுடன் முள் நீக்கிய அவித்த மீனும் பூசணியும் சேர்த்தால் அதுவே நல்ல உணவு.

நிழலும் நீரும்

கச்சான் காற்று அனல்வீசும் மாதங்களில் நாய் படும் துன்பம் பெரிது. நம்மைப்போல் அதற்கு மேனியெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடலின் வெப்பத்தைத் தணிக்கிறது. மூச்சிரைப்புடன் எச்சில் வடிந்து தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுசென்று, சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து விசிறியபடி வைத்தியரை நாடுக. நண்பகல் மணலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு வினாடி பொறுக்க முடியாவிடின் நாயின் பாதமும் பொறாது.

கூட்டுக்குத் தகரக்கூரை வேண்டாம், கிடுகே குளிர்ச்சி. தரையினின்றும் ஒரு முழம் உயர்த்திப் பலகை பாவி, வாசலைத் தெற்கு நோக்கி வைத்தால் மாரியின் வாடையும் கோடையின் கச்சானும் நேரே அடியா. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் நீர் வேண்டும். வெயிற்காலத்தில் இன்னும் கூடும். கனமான மண்சட்டி கவிழாது; நீரையும் குளிரவைக்கும். நாள்தோறும் சட்டியை உரசிக் கழுவி நீரை மாற்றுக. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்பது எம் ஊரார் அறியாததன்று.

நாய்க்கும் வேலை வேண்டும்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பழமொழி. சொன்னவர் நகைப்புக்காகச் சொன்னார். நாமோ அதில் ஓர் உண்மையைக் காண்கிறோம். வேலையில்லாத நாய் வாழைக்கன்றைத் தோண்டும், செருப்பைக் கடிக்கும், காரணமின்றிக் குரைக்கும். வேலை கொடுத்தால் இவை குறையும்.

என்ன வேலை? நாயின் உலகம் மூக்கின் உலகம். மணமறியும் நரம்புக்கலங்கள் நமக்கு ஐம்பது அறுபது இலட்சம் எனின், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்பர் அறிஞர். ஆகவே காலை உணவில் ஒரு பங்கைத் தட்டில் இடாது, சிரட்டைகளின் கீழும் மரவேரின் இடுக்கிலும் ஒளித்து வையுங்கள். கால்மணி நேரம் அது மோந்து மோந்து தேடும் மகிழ்ச்சியைக் கண்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நிழலில் ஆறடிச் சதுரமாகச் சிறிது மணல் கொட்டி, அங்கே தோண்ட அனுமதியுங்கள். மணலுக்கு எம் ஊரில் பஞ்சமில்லை. அதில் ஓர் உரித்த பொச்சைப் புதைத்து வைத்தால், வாழைக்கன்று பிழைத்துக்கொள்ளும். வேலியோரமாக நாய் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதையில் பூச்செடி நடாதீர்கள். அது காவற்காரன் சுற்றும் வழி.

தீபாவளியும் புத்தாண்டும் நமக்குக் களிப்பு, நாய்க்கு நடுக்கம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் செவியோ 45,000 வரை கேட்கும். சீனவெடி கொளுத்தும் வேளையில் அதை வீட்டினுள் ஓர் அறையில் விடுங்கள். எத்துணை நல்ல வேலியையும் பயந்த நாய் பிய்த்துக்கொண்டு ஓடும்.

விசர்நோயை மறவற்க

நாய்களைப் பதியும் கட்டளைச் சட்டம் எம் நாட்டில் 1901ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. விசர்நோய்க்கான சட்டம் அதற்கும் எட்டாண்டு முந்தியது. 1973இல் இத்தீவில் விசர்நோயால் இறந்த மக்கள் 377 பேர். நாய்களுக்குத் தடுப்பூசி இடும் பணி பெருகியதன் பயனாக அத்தொகை அண்மை ஆண்டுகளில் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. நோய் முற்றிய பின் மருந்து இல்லை. ஆதலின் ஆண்டுதோறும் தடுப்பூசி இட்டு அட்டையைப் பத்திரப்படுத்துக. எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் அப்புதலும் மந்திரித்தலும் காலத்தை வீணாக்கும். 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனைத் தடுப்பூசியால் காத்த நாள் முதல், இந்நோயால் ஒரு பிள்ளை சாவதற்கு நம் அசட்டையே பெரும் காரணமாகிவிட்டது.

மாரி வருமுன்

இறுதியாக, நாம் தொடங்கிய இடத்துக்கு வருகிறோம். ஐப்பசி பிறந்ததும் எம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாயின் கழுத்துப்பட்டியில் எமது பெயரும் தொலைபேசி எண்ணும் அழியாது இருக்கின்றனவா என்று பார்ப்போம். வாரையும் தடுப்பூசி அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் உள்ள அதே பையில் வைப்போம். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் நாயை அழைத்துச் செல்பவர் யார் என்பதை அன்றே முடிவு செய்வோம். எவ்வாற்றானும் அழைத்துச் செல்ல இயலாதாயின், அதனைக் கட்டாது விட்டுச் செல்ல வேண்டும் என்பதை வீட்டிலுள்ள சிறியவரும் அறிவர்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் விழாக் காலத்தில் பாரதம் படிக்கக் கேட்டவர்கள் எம் பகுதியில் பலர். தம்பியரையும் மனைவியையும் இழந்து தனித்து நடந்த தருமன், உடன்வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று மறுத்த கதை எல்லோரும் அறிந்ததே. வெள்ளத்திரவில் அந்த ஆச்சி எம்மைக் கேட்டதும் அக்கேள்விதான். தருமன் விடையோடு நின்றான். நாம் வெட்கத்தோடு நின்றோம்.

மாணவர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் வளவைச் சுற்றி வாருங்கள். வேலியில் எத்தனை பொட்டு, கிணற்றுக்கு மூடி உண்டா, நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது, தூண்டில் எங்கே கிடக்கிறது என்று குறியுங்கள். பின்பு தந்தையாரிடம் காட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பொட்டையேனும் அடையுங்கள். நாய் உங்களுடனே கூட வரும். எந்த இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கிறதோ, அங்கே நீங்களும் சற்று நின்று பாருங்கள்.